மேக்னா அழுத்திய பொத்தான்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால் தீயைச் சின்னதாக்கிவிட்டு வாருங்கள். இன்றைக்குச் சொல்லப்போவது ஒரே ஒரு பகலின் கதை. காலை பத்து மணிக்கு கல்கத்தாவின் பெஹாலாவில் தொடங்கி, மாலை நாலேகாலுக்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் ரஞ்சனாவின் தலையில் மூன்று தடவை இடி விழப்போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவளுக்கும் ஒரு துணையாக இருக்கும்.

போன வாரம் வரை கேட்டவர்களுக்கு ரஞ்சனாவைத் தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. ரஞ்சனா பாலிகஞ்சில் ஒரு கோச்சிங் சென்டரில் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்கிறவள். மேல்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் அவளிடம் வருவார்கள். புருஷன் கிரிதர் துறைமுக ஆபீஸில் எஞ்சினியர். கிரிதரின் தங்கை மேக்னா.

ரஞ்சனா கரூரிலிருந்து கல்யாணமாகி சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கியபோது மேக்னாவுக்குப் பதினொரு வயது. தாய் இல்லை. அடுத்த வருஷமே தகப்பன் நடராஜனும் போய்ச்சேர்ந்தார். ரஞ்சனாவுக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தங்காததை அவள் யாரிடமும் சொல்லி அழவும் இல்லை. தலை பின்னிவிட ஒரு பெண் இருந்தாள், பள்ளிக்கூடத்து ஆட்டோவுக்குப் பின்னால் ஓட ஒரு பெண் இருந்தாள், போதும் என்று இருந்துவிட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபத்தைந்து வயது. சிங்கப்பூரில் ஒரு கல்லூரி நேர்முகம் முடித்து அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. உதவித்தொகையும் தருகிறார்கள். தேர்வு மார்க் மட்டும் நாளை ராத்திரிக்குள் அவர்களுக்குப் போய்ச் சேரவேண்டும். போன தடவை தேர்வு நாளன்று டைபாய்டு. இந்தத் தடவை விட்டால் இடமும் போச்சு, உதவித்தொகையும் போச்சு.

அந்தத் தேர்வு இன்றைக்கு.

ரஞ்சனாவும் மேக்னாவும் தேர்வு மையத்துக்குப் போய்க்கொண்டிருந்த கேப் தாராதலா முனையில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு மினி பஸ், பக்கத்தில் மூங்கில் ஏற்றிய ஒரு வேன். ஜனவரி மாதத்துப் பனிமூட்டம் பத்து மணிக்கும் கலையவில்லை. டிரைவர் காதோடு தலையை மூடும் குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டு, "திதி, பத்து நிமிஷம் ஆகும்" என்று வங்காளத்தில் அக்காவென்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டு என்ஜினை அணைத்தான்.

"நல்லதாப் போச்சு. கணக்குப் போடலாம்" என்றாள் ரஞ்சனா.

"தூர்!" என்று வங்காளத்தில் அலுத்துக்கொண்டாள் மேக்னா. "அண்ணி, தேர்வுக்கு முன்னாடி படிக்கக்கூடாதுன்னு நீங்கதானே கிளாஸ்ல சொல்வீங்க?"

"அது காசு கட்டிப் படிக்கிற பிள்ளைங்களுக்கு. நீ ஓசியில படிச்சவ. பதில் சொல்லு. x-உம் y-உம் சேர்ந்தா எவ்வளவு? முதல் கூற்று, மூணு x-உம் மூணு y-உம் சேர்ந்தா இருபத்தொண்ணு."

"போதும்."

"ரெண்டாவது கூற்றைச் சொல்லவே இல்லையே?"

"வேண்டாம். கூட்டுத்தொகை ஏழு. x தனியா எவ்வளவு, y தனியா எவ்வளவுன்னு தெரியாது. யாருக்கு வேணும்?"

ரஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தேர்வில் இப்படி ஒரு வகைக் கணக்கு உண்டு. ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு கூற்றுகள். விடையைக் கண்டுபிடிக்க வேண்டாம். கொடுத்த தகவல் விடைக்குப் போதுமா, போதாதா என்பதை மட்டும் சொல்லவேண்டும். முதல் கூற்று ஒன்றே போதுமா, இரண்டாவதே போதுமா, இரண்டையும் சேர்த்தால்தான் போதுமா, சேர்த்தாலும் போதாதா? பார்வைக்கு எளிது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் அதில் விழுவார்கள். கொடுக்காத ஒன்றைத் தாங்களாகவே மனசில் சேர்த்துக்கொண்டு, போதும் என்று டிக் அடித்துவிடுவார்கள்.

"சரி, இது. x எவ்வளவு? முதல் கூற்று, x-இன் வர்க்கமும் மூணு x-உம் சமம்."

"மூணு. போதும்... இருங்க, இருங்க!" மேக்னா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பூஜ்யமாவும் இருக்கலாம். போதாது."

"ரெண்டு பக்கமும் x-ஆல வகுத்துட்ட. அது பூஜ்யம் இல்லைன்னு..."

"யாரு சொன்னா?" என்று மேக்னா ரஞ்சனாவின் குரலிலேயே முடித்தாள். "கிளாஸ்ல எல்லாரும் உங்களுக்கு அந்தப் பேருதான் வச்சிருக்காங்க. யாருசொன்னா மிஸ்."

"வைக்கட்டும். மார்க்கு வந்தா சரி."

இந்த இடத்தில் உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். மேக்னாவிடம் சொல்லிவிடாதீர்கள். ரஞ்சனாவுக்கு அன்று நாற்பத்தேழாவது நாள். ஒரு மண்டலம் ஒருவேளைச் சாப்பாடு என்று வேண்டிக்கொண்டிருந்தாள். பகலில் சென்டரில் ஒரு டப்பா சாதம், அதோடு சரி. வியாழக்கிழமை தோறும் மாலையில் லேக் மார்க்கெட் பக்கத்துக் கோயிலுக்குப் போய், தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்திவிட்டு வருவாள். எல்லாம் இந்தப் பெண்ணின் மார்க்குக்காக. ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதே என்று ஊர்ப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், கடலை கோத்த சங்கதியை எந்த முகத்தோடு வெளியே சொல்வாள்? கிரிதரிடம்கூடச் சொல்லவில்லை.

கிரிதர் அன்று காலை ஆறு மணிக்கே கிளம்பியிருந்தான். ஹால்தியா துறைமுகத்தில் டூட்டி, மூணு மணி நேரத் தூரம். மேக்னா தலையில் கை வைத்து, "பயப்படாதடி, கேள்வித்தாளு உன்னப் பாத்து பயப்படட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கேமக் தெருவில் தேர்வு மையம் நாலாவது மாடி. வாசலில் வரிசை. போனை அணைத்து லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். மேக்னா போனை அணைப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல, அண்ணி."

"முகம் ஏன் வெளுத்துப்போச்சு? தலை சுத்துதா? தண்ணி குடிக்கிறியா?"

மேக்னா சட்டென்று ரஞ்சனாவைக் கட்டிக்கொண்டாள். எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு பிடி. பிறகு விலகி, அண்ணியின் கன்னத்தைத் தொட்டுப்பார்த்தாள். கை ஐஸாக இருந்தது.

"கீழ போய் ஏதாவது சாப்பிடுங்க. ப்ளீஸ், அண்ணி. எனக்காக."

"நான் சாப்பிடறது இருக்கட்டும். நீ நிதானமா எழுது."

வரிசை நகர்ந்தது. கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. பரீட்சை பயம் என்று ரஞ்சனா நினைத்துக்கொண்டாள். வேறென்ன நினைப்பாள்?

கீழே நடைபாதையில் ஒரு டீக்கடை, ஒரு மர பெஞ்சு. மண்குவளையில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணி. இந்நேரம் முதல் கேள்வி. ஒரு மணி. இந்நேரம் அல்ஜீப்ரா தொடங்கியிருக்கும். இரண்டு மணிக்கு இன்னொரு டீ. டீக்கடைக்காரர், "பொண்ணு பரீட்சை எழுதுதா?" என்று வங்காளத்தில் கேட்டார். "ஆமா, பொண்ணு" என்றாள் ரஞ்சனா. நாத்தனார் என்று விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு மேக்னா வெளியே வந்தாள். நேராக வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுத முகம் இல்லை. அதுதான் ரஞ்சனாவைப் பயமுறுத்தியது.

"எப்படி?"

"நல்லா எழுதினேன்."

"மார்க்கு ஸ்கிரீன்லயே வந்திருக்குமே. எவ்வளவு?"

"எண்ணூறுக்கு எழுநூத்தி நாப்பது."

ரஞ்சனா எழுந்தே விட்டாள். கையிலிருந்த மண்குவளை கீழே விழுந்து உடைந்தது. "எழுநூத்தி நாப்பதா! அடி என் தங்கமே! என் கிளாஸ்ல பத்து வருஷத்துல யாரும்..."

"ரத்து பண்ணிட்டேன், அண்ணி."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ரஞ்சனாவுக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

"என்ன பண்ண?"

"மார்க்கைக் காட்டிட்டு ரெண்டு நிமிஷம் குடுப்பாங்க இல்ல? வச்சுக்கிறியா, ரத்து பண்றியான்னு. ரத்துங்கிற பொத்தானை அழுத்திட்டேன்."

"கை தவறிப் பட்டுடுச்சா?"

"இல்ல. ஒருதடவை அழுத்தினேன். நிச்சயமான்னு கேட்டுது. திரும்பவும் அழுத்தினேன்."

ரஞ்சனா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டுவதா, அறைவதா, அழுவதா? ஒன்றும் தோன்றவில்லை. பதினான்கு வருஷத்தில் இந்தப் பெண் ஒரு பென்சிலைத் தொலைத்துவிட்டுக்கூடப் பொய் சொன்னதில்லை. காரணம் இல்லாமல் செய்யமாட்டாள்.

"எதுக்கு?"

"நான் சிங்கப்பூர் போகல."

"அதான் எதுக்குங்கறேன்."

"நீங்க எதுக்கு எங்கிட்ட மறைச்சீங்க?" குரல் இப்போதுதான் உடைந்தது. "ஒரு மாசமா ராத்திரி சாப்பிடறதில்ல. பசிக்கல பசிக்கலன்னு தட்டை நகத்திட்டுப் போறீங்க. ப்ளவுஸெல்லாம் தொளதொளன்னு தொங்குது. வியாழக்கிழமை சென்டர் சாயங்காலம் லீவு, ஆனா நீங்க எட்டு மணிக்கு வீட்டுக்கு வர்றீங்க. எங்க போறீங்கன்னு கேட்டா பேச்சை மாத்தறீங்க. நான் முட்டாளா?"

"மேகு, நான் சொல்றதைக் கேளு..."

"இன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து மெசேஜ் வந்துது, அண்ணி. லாக்கர்ல போனை வைக்கறப்ப பாத்தேன். பயாப்ஸி ரிப்போர்ட் நாலு மணிக்கு வாங்கிக்கலாமாம்." கண்ணீர் கன்னத்தில் ஓடியது, துடைக்கவில்லை. "என்கிட்ட இருக்கிறது உங்க பழைய நம்பர்தானே. நான் காலேஜ் சேர்ந்தப்ப நீங்க எனக்குக் குடுத்த சிம். ஆஸ்பத்திரில மறந்துபோய் அந்த நம்பரை எழுதிட்டீங்க. அதனாலதான் எனக்குத் தெரிஞ்சுது. இல்லேன்னா என்னை ஏரோப்ளேன்ல ஏத்தி அனுப்பிச்சுட்டு நீங்க தனியா... தனியா..."

டீக்கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பி, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினார்.

ரஞ்சனாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மேக்னாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்லடி, பைத்தியம்."

"பொய்."

"விரதம். விரதம் இருந்தேன். உனக்காக. இன்னிக்கு நாப்பத்தேழாவது நாள்."

மேக்னா வாயைத் திறந்தபடி பார்த்தாள். "நீங்களா? விரதமா?"

"நானேதான். வியாழக்கிழமை கோயிலுக்குப் போறேன். தட்சிணாமூர்த்திக்குக் கடலை மாலை."

"அந்தக் கடலை!" மேக்னா மூக்கை உறிஞ்சினாள். "புதன்கிழமை ராத்திரி ஊறவச்சிருப்பீங்க. நான் சுண்டல்னு நெனச்சுக் காத்திட்டிருப்பேன். சுண்டல் வரவே வராது!"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வேண்டுதல். சொன்னா நீயே சிரிப்ப. கிளாஸ்ல போய் ஊதிவிடுவ."

"என் தலைமேல கை வச்சுச் சொல்லுங்க. உங்க உடம்புக்கு ஒண்ணுமில்லேன்னு."

ரஞ்சனா தலைமேல் கை வைத்தாள். "என் உடம்புக்கு ஒண்ணுமில்ல. உன்மேல சத்தியம்."

அந்தப் பெண் விட்ட மூச்சு இருக்கிறதே, மூன்று மணி நேரமாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு அது. பிறகு இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நடைபாதையில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுநூத்தி நாப்பது எப்படிடி எடுத்த, மனசுல இவ்வளவையும் வச்சுக்கிட்டு?"

"தெரியல, அண்ணி. கணக்குக்குள்ள போனா அந்த மெசேஜ் வரல. வெளிய வந்தா வந்துது. அதனால வெளியவே வரல."

ரஞ்சனாவின் கண் மறுபடி நிறைந்தது. ஆனால் டீச்சர் புத்தி விழித்துக்கொண்டது. ரத்து செய்த மார்க்கை மூன்று நாளைக்குள், எழுதியவரே தன் கணக்கில் நுழைந்து மீட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு தடவைதான். மீட்ட கையோடு கல்லூரிக்கு அது போய்விடும். அப்புறம் ரத்துக்கு வழி கிடையாது.

"போனை எடு. இப்பவே மீட்டுக்க."

மேக்னா போனை எடுத்தாள். கணக்கு எண், கடவுச்சொல், பிறந்த தேதி. ஒவ்வொன்றாக அடித்தாள். ஓ.டி.பி.க்காகக் காத்திருந்த நேரத்தில் அவளே கேட்டாள்.

"அப்ப அந்த மெசேஜ் யாருக்கு, அண்ணி?"

"தப்பா வந்திருக்கும். கடன் வேணுமா, வீடு வேணுமான்னு தினம் எத்தனை வருது. காட்டு, பாக்கலாம்."

அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "என் வியாதிதான்னு முடிவே கட்டிட்டியே. நோயாளி நான்தான்னு உனக்கு யாரு சொன்னா?"

மேக்னா திரையை அவள் பக்கம் நீட்டினாள். ரஞ்சனா படித்தாள்.

'உறவினர் அவர்களுக்கு' என்று தொடங்கியது. 'நோயாளி எண் 4471. பயாப்ஸி ரிப்போர்ட் இன்று மாலை 4 மணிக்கு மூன்றாம் கவுண்டரில் பெற்றுக்கொள்ளவும்.' கீழே பைபாஸ் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பெயர்.

உறவினர் அவர்களுக்கு.

பதறின பெண் அந்த முதல் இரண்டு வார்த்தையைத் தாண்டி, பயாப்ஸி என்ற சொல்லில் போய் விழுந்துவிட்டாள். ரஞ்சனாவால் அந்த இரண்டு வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. அப்படியானால் இந்த நம்பர் நோயாளியின் நம்பர் இல்லை. நோயாளி, தன் உறவினரின் நம்பர் என்று எழுதிக்கொடுத்தது.

இந்த நம்பரைத் தன் உறவினர் நம்பர் என்று எழுதக்கூடியவர் இந்த ஊரில் யார்?

கல்யாணமான புதிதில் கிரிதர் மனப்பாடம் செய்த நம்பர் அது. பேங்க், கேஸ், இன்ஷூரன்ஸ், எந்த ஃபார்மிலும் மனைவியின் நம்பர் என்று அதைத்தான் இன்றும் எழுதுவான். "அது இப்ப மேகுகிட்ட இருக்குங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! "கைக்கு அதுதான் வருது, என்ன பண்ண" என்பான்.

சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது. எடுத்துப்போட மறந்துவிட்டாள்.

"ஓ.டி.பி. வந்துடுச்சு!" என்றாள் மேக்னா. ஆறு இலக்கத்தை அடித்தாள். திரையில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் தோன்றியது. மீட்டுக்கொள்ளவும். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணி. அழுத்தட்டுமா? நம்ம வீட்டுல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

ஒரு கணம். சொன்னால் அந்த விரல் எழுந்துவிடும். மறுபடி அந்தப் பொத்தான் பக்கம் போகவே போகாது. அண்ணிக்கே இப்படிச் செய்தவள், அண்ணனுக்கு என்றால்? சொல்லாவிட்டால்... சொல்லாவிட்டால் அது பொய் இல்லாமல் என்ன?

"நான் நல்லா இருக்கேன், மேகு. அழுத்து."

கேட்டதற்கு அது பதில் இல்லை. மேக்னா கவனிக்கவில்லை. அழுத்தினாள்.

"போயிடுச்சு!" என்று குதித்தாள். "அண்ணனுக்கு போன் பண்ணட்டுமா?"

"ஹால்தியால இருப்பாரு. டவர் கிடைக்காது. நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டுத் தூங்கு. எனக்கு பாலிகஞ்ச்ல ஒரு கிளாஸ் இருக்கு. முடிச்சுட்டு வரேன்."

"இன்னிக்குக் கூடவா கிளாஸு? அரே பாபா!" என்று சொல்லிக்கொண்டே கேபில் ஏறினாள். கண்ணாடியை இறக்கிக் கை அசைத்தாள். ரஞ்சனாவும் அசைத்தாள். அந்த வண்டி திருப்பத்தில் மறைந்ததும் இன்னொரு வண்டியை நிறுத்தி, "பைபாஸ்" என்றாள். தன் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது.

வண்டியில் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மூன்று வாரமாகக் கிரிதரின் கழுத்திலிருந்து இறங்காத மஃப்ளர். கல்கத்தா குளிரில் எவன் கழுத்தில்தான் மஃப்ளர் இல்லை? ஒருநாள் காலர் விலகியபோது காதுக்குக் கீழே ஒரு பிளாஸ்திரி. "ஷேவ் பண்றப்ப கிழிச்சுக்கிட்டேன்" என்றான். போன மாதமும் ஒரு ஹால்தியா டூட்டி, இரண்டு ராத்திரி. திரும்பி வந்தபோது சட்டையில் டெட்டால் வாடை. கேட்டதற்கு, கெஸ்ட் ஹவுஸில் தரை துடைத்தார்கள் என்றான். அவளும், அப்படியா, என்று துவைக்கப் போட்டுவிட்டாள்.

'இல்லை, அவரா இருக்காது' என்று சொல்லிப்பார்த்தாள். 'நம்பர் தப்பா இருக்கும். ஒரு இலக்கம் மாறியிருக்கும்.' கிரிதருக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. டவர் கிடைக்கிற இடத்தில்தான் இருந்தான்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி. பெரிய கூடம். பிளாஸ்டிக் நாற்காலி வரிசைகள். சிவப்பு எண்கள் ஓடும் பலகை. மூன்றாம் கவுண்டரைத் தேடிக்கொண்டு வந்தவள், தேடியதை மறந்து நின்றாள்.

மூன்றாவது வரிசையில், ஓரத்து நாற்காலியில், ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு கிரிதர். மஃப்ளரைக் கழற்றி மடித்துப் பையின்மேல் வைத்திருந்தான். கழுத்தில் பிளாஸ்திரி.

வண்டியில் வரும்போதே தெரிந்த விஷயம்தானே என்று கேட்பீர்கள். தெரிந்துகொண்டு வந்தாலும், கண்ணால் பார்ப்பது வேறாக இருக்கிறதே! ரஞ்சனாவின் கையிலிருந்து பை நழுவியது. சத்தத்துக்கு அவன் திரும்பினான்.

எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"ரஞ்சி... நீ எப்படி இங்க?"

"ஹால்தியா இவ்வளவு கிட்டத்துலயா இருக்கு?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேகு எழுதி முடிக்கட்டும்னு பாத்தேன்" என்றான். "மார்க்கு போய்ச் சேரட்டும், அப்புறம் சொல்லலாம்னு. நீயும் பாதியா இளைச்சுட்டே, அவ தேர்வை நெனச்சு. உனக்கு வேற இதை எப்படிச் சொல்றது? ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம், ரஞ்சி. சின்னக் கட்டிதான்."

"உறவினர் நம்பர் கேட்டாங்களா?"

"ஃபார்ம்ல இருந்துது. எழுதினேன். உன் நம்பர்தான்."

"அது மேகுவோட நம்பர்."

கிரிதர் அவளையே பார்த்தான். அவன் முகம் வெளிறுவது அவளுக்குத் தெரிந்தது. "அங்கயும் மெசேஜ் போகுமா? ஐயோ... அவளுக்குத் தெரிஞ்சுடுச்சா? தேர்வு? தேர்வு எழுதினாளா?"

"எழுதினா. எழுநூத்தி நாப்பது. எனக்குத்தான் வியாதின்னு நெனச்சுக்கிட்டு ரத்து பண்ணிட்டா. நான் சத்தியம் பண்ணி மீட்க வச்சேன். மார்க்கு போயாச்சு. உங்களைப் பத்தி அவளுக்குத் தெரியாது. நானே அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சுக்கிட்டு, அவ கிட்ட வாயைத் திறக்கல."

"எழுநூத்தி நாப்பதா?" அவனுக்கு உதடு கோணியது. சிரிக்கப் போனானா, அழப் போனானா என்று சொல்ல முடியாது. "நல்ல வேலை பண்ண, ரஞ்சி. அவ போகட்டும். போற வரைக்கும் தெரியவே வேண்டாம்."

"ஏழு மாசம் இருக்கே ஏரோப்ளேன் ஏற?"

"பாத்துக்கலாம். நாம ரெண்டு பேர் இருக்கோமில்ல?"

அதைக் கேட்டதும்தான் ரஞ்சனாவுக்குக் கோபம் வந்தது. மூன்று வாரமாக எங்கே போயிருந்தது இந்த இரண்டு பேர் கணக்கு? கேட்டிருப்பாள். அதற்குள் பலகையில் 4471 எரிந்தது.

"நீங்க உக்காருங்க. நான் வாங்கறேன்" என்று எழுந்தாள்.

கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே ஒரு ரெஜிஸ்டரை நகர்த்தினாள். பெயர், நோயாளிக்கு என்ன உறவு, கையெழுத்து. ரஞ்சனா எழுதினாள். அந்தப் பெண் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, ஒட்டிய காக்கிக் கவரை நீட்டினாள். "டாக்டர் அறை இரண்டாவது மாடி. பிரிக்காமல் எடுத்துப்போங்கள்."

கவர் கனமே இல்லை. ஒரு தாள்தான் இருக்கும்போல. அதைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பி நாலு அடி வைத்திருப்பாள். போன் அடித்தது. மேகு.

கிரிதர் தூரத்திலிருந்து வேண்டாம் என்று கையைக் காட்டினான். எடுக்காவிட்டால் இன்னும் மோசம். எடுத்தாள்.

"கிளாஸ்ல இருக்கேன், மேகு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"மேகு?"

"இன்னொரு மெசேஜ் வந்திருக்கு, அண்ணி. இப்பத்தான். அதே ஆஸ்பத்திரிலேர்ந்து." குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டிருந்தது, பதினொரு வயசுக் குரல். "நோயாளி எண் 4471. ரிப்போர்ட் வழங்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர் ரஞ்சனா."

ரஞ்சனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உறவு, மனைவின்னு போட்டிருக்கு, அண்ணி."

கூடத்தில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். கிரிதர் நாற்காலியிலிருந்து எழுந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான். என்ன, என்ன, என்று கையால் கேட்டுக்கொண்டே வந்தான்.

"அண்ணன் உங்க பக்கத்துலதானே இருக்காரு?" என்றாள் மேக்னா. "போனை அவர்கிட்ட குடுங்க."

கவர் ஒரு கையில், போன் ஒரு கையில். ரஞ்சனா போனை நீட்டினாள்.

இங்கே நிறுத்திக்கொள்வோம், கண்ணுகளா. அந்தக் கவரை அவர்கள் இன்னும் பிரிக்கவில்லை. நாம் முந்திக்கொண்டு பிரிக்கவேண்டாம். போய் அடுப்பைப் பாருங்கள். வீட்டில் யாராவது சாப்பிடாமல் தட்டை நகர்த்தினால், பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடட்டும். பிள்ளைகள் எழுதின பரீட்சையெல்லாம் நல்லபடியாக வரட்டும். ஆஸ்பத்திரிக் கவர் எந்த வீட்டு வாசலுக்கு வந்தாலும் அதற்குள் நல்ல சேதியே இருக்கட்டும். உங்கள் குடும்பம் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.